பத்தில் நின்ற ஒலியளவு

உங்கள் மின்விசிறி சுற்றுக்கு ஒரு முறை முனகுகிறது, சார். மேலே ஒரு திருகை முடுக்கினால் போதும். என் காது அப்படி. என் மச்சினன் காது அதைவிடக் கூர்மை. ஒலிப்பதிவுக் கூடத்தில் அவனுக்குச் சோறு போட்டதே அதுதான்.

இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம். பாட்டுக் கோப்பில் இருக்கும் எண்களை ஒலியாக மாற்ற, கம்ப்யூட்டருக்கு வெளியே டிஏசி என்று ஒரு சின்னப் பெட்டி வைத்துக் கேட்போம். நடுவில் கம்ப்யூட்டர் மூக்கை நுழைக்காமல் பாட்டு நேராகப் பெட்டிக்குப் போக, பிளேயரில் ஓர் அமைப்பு உண்டு.

போன மாதம் நண்பர்கள் வந்திருந்தார்கள். ஆசையாக வாங்கிய உயர்தரப் பதிவை ஓடவிட்டு, "பாடுறவங்க பக்கத்துல நிக்கிற மாதிரி இல்ல?" என்றேன். கண் கலங்கிவிட்டது.

"மாமா, அது போன்ல வந்த மட்டமான காப்பி. காலையிலயே மாத்தி வெச்சிட்டேன்" என்றான் மச்சினன்.

எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் என் மனைவி என் முகத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்பே தெரியும். பதினெட்டு வருடம் கூட வாழ்ந்தவள் தம்பி பக்கம் நின்று என்னைக் காட்டிக்கொடுத்தாள். அன்றைக்கு எனக்கு வீட்டில் ஒருவரும் இல்லை என்று புரிந்தது. நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

மறுவாரம் அவனே கூப்பிட்டான். "கோவமில்லன்னா என் புது டிஏசிய நீங்களே செட் பண்ணிக் குடுங்க மாமா." சமாதானத்துக்காகத்தான் கேட்டான், எனக்குத் தெரியாதா?

அவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும் ஹெட்போன் ஆம்பின் குமிழை முழுக்கத் திருப்பி வைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் ஒலியை நூற்றுக்குப் பத்தில் வைத்துக் கேட்பான். பாட்டு நேராகப் பெட்டிக்குப் போனால் அந்தப் பத்துக்கு மதிப்பில்லை. நூறும் அப்படியே காதுக்கு வரும். நேர்வழி அமைப்பைப் போட்டேன். திரையில் பத்து என்றே காட்டியது. அவன் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை, என்னை நம்பினான்.

சோதனைக்கு நான் எடுத்துப்போன பதிவில் முதல் நாற்பது விநாடி மூச்சுச் சத்தமும் நாற்காலி அசைவும்தான். "மூச்சு விடுறதுகூடக் கேக்குது மாமா" என்று இரண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். அடுத்து டிரம்ஸ் முழு வீச்சில் இறங்கும். மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டில் என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

அவனுக்கு இரண்டு காதும் இனித் தேறாது என்கிறார் டாக்டர். தெரிந்தேதான் செய்தேன், வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை. நேற்று அவன் வீட்டுக்குப் போனேன். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பின்னால் நின்று மூன்று தடவை மன்னிப்புக் கேட்டேன், சார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை; அவ்வளவு நெஞ்சழுத்தம் அவனுக்கு.