முதல் நம்பர் அட்டை

என் கையெழுத்து அழகானது என்று நானே சொல்லிக்கொள்வது வெட்கக்கேடுதான். ஆனால் முப்பத்தொரு வருடம் அரசாங்கக் கந்தோரில் கிளார்க்காகக் குப்பை கொட்டிய இந்தச் சேதுராமனிடம் பெருமைப்பட வேறு என்ன இருக்கிறது? நீங்கள் வாக்குமூலம் எழுதிக்கொள்ள வசதியாக மெதுவாகவே சொல்கிறேன்.

நான் ஓய்வுபெற்றதும் டொக்டர் கிருஷ்ணராஜ் என்னைத் தன் டிஸ்பென்சரியில் நோயாளிகளுக்கு நம்பர் கொடுக்க வைத்துக்கொண்டார். கட்டுகஸ்தோட்டைப் பக்கம். மாடியில் அவர் வீடு, கீழே வாசல் கேற்றுக்குப் பக்கத்தில் என் அறை. ஒன்றிலிருந்து நாற்பது வரை அட்டைகளில் நானே எழுதினேன். ஊசியைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்கிற என்னை ஆட்கள் ‘சின்ன டொக்டர்’ என்றார்கள். கேட்கச் சுகமாக இருந்தது. அதனால் மறுக்கவில்லை.

கேற்றில் ஒரு பெல் உண்டு. ராத்திரி யார் அமுக்கினாலும் மாடியில் அடிக்கும், டொக்டர் கட்டியிருந்த சாரத்தோடு இறங்கி வருவார். ஒருமுறை இரண்டு மணிக்கு ஒரு கடை முதலாளி ஏப்பம் வரவில்லை என்று வந்தார். மறுநாள் டொக்டர் நோயாளியின் நாடியைப் பிடித்தபடியே கதிரையில் தூங்கிப்போனார். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. அறுபத்தெட்டு வயது மனிதர். அன்றே மாடிக்குப் போகும் ஒயரை வெட்டி, பெல்லை என் அறையில் அடிக்க வைத்தேன்.

பிறகு ராத்திரியில் வந்தவர்களை நானே விசாரித்தேன். கத்துகிறவர்களைத் தட்டிக்கொடுத்தேன். எல்லாருக்கும் காலை நம்பர் கொடுத்து அனுப்பினேன். கந்தோரில் படித்த ஒரே வைத்தியம் அதுதான்.

“என்ன சேது, இப்பல்லாம் ராத்திரியில ஒருத்தரும் வர்றதில்லையே?” என்று டொக்டர் கேட்டார்.

“ஊரே சுகமா இருக்கு டொக்டர்,” என்றேன்.

அவர் முகம் தெளிந்திருந்தது. ஐந்து மாதம் அப்படிப் போனது.

போன மாதம் ஒருநாள் ராத்திரி ஒரு மணியிருக்கும். ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்திலிருந்து வீரையா என்பவர் தன் மனைவி அங்கம்மாவை ஆட்டோவில் கொண்டுவந்தார். அந்த அம்மாள் கத்தவில்லை. முந்தானையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, தொந்தரவு கொடுப்பதற்கு மன்னிப்புக் கேட்பதுபோல் என்னைப் பார்த்தார்.

“நெஞ்ச அடைக்குதுன்றாங்கய்யா. டொக்டரய்யாவ கொஞ்சம் எழுப்புங்க,” என்றார் வீரையா.

“டொக்டர் படுத்திட்டாரு. காலையில பாப்பாரு. மொத நம்பரே தர்றேன்.”

“அப்ப பெரியாஸ்பத்திரிக்கே போயிர்றோங்க.”

“இந்நேரத்துல அங்க எதுக்கு அலையிறீங்க? அதான் மொத நம்பர் இருக்கே.”

முதல் நம்பரை நான் லேசில் கொடுப்பவனல்ல. அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சின்ன டொக்டர் சொன்னதை நம்பி, கேற்றுக்கு வெளியே ஆட்டோவிலேயே காத்திருந்தார்கள். நான் போய்ப் படுத்தேன். நல்ல தூக்கம்.

ஆறு மணிக்குக் கேற்றைத் திறந்தேன். வீரையா அட்டையை நீட்டினார்.

“இது வேணாங்கய்யா. வேற யாருக்காச்சும் குடுங்க. அவ போயிட்டா.”

ஆட்டோவில் அந்த அம்மாள் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். அட்டை ஈரமாக இருந்தது. துடைத்து, அடுத்து நின்றவரிடம் கொடுத்தேன். அட்டை சும்மா கிடக்கக்கூடாது என்பது என் வழக்கம்.

அப்போதுதான் டொக்டர் இறங்கி வந்தார். வீரையா அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். டொக்டர் என்னிடமிருந்து அறைச் சாவியை வாங்கிக்கொண்டு வேலையை விட்டு அனுப்பினார். அன்று முதல் கேற்றடியில் கதிரை போட்டு விடியவிடிய உட்கார்ந்திருக்கிறாராம். அவர் தூக்கத்துக்காக நான் பட்ட பாடெல்லாம் வீண்.

ஒயரை வெட்டியது நான். பெரியாஸ்பத்திரிக்குப் போகவிருந்தவர்களை நிறுத்தியதும் நான். குறைத்து எழுத வேண்டாம். ஆனால் பிழையிலிருந்து பாடம் கற்காதவன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. திரும்ப வேலைக்குக் கூப்பிட்டால் உதவும் என்று ஒரு தனி அட்டை எழுதி வைத்திருக்கிறேன்: ‘நெஞ்சுவலி – காலையில் முதலாவது.’

கையெழுத்தைப் பாருங்கள்.