ஜீவிதாவுக்கு வாங்கிய லேப்டாப்

எந்தப் பொருளை வாங்கப் போனாலும் முதலில் தேவையை எழுதிக்கொள்ள வேண்டும், மேடம். விலையெல்லாம் அப்புறம். பதினோரு வருடமாக ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு நூல் மில்லில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். மெஷின் பேரிங்கிலிருந்து கேன்டீன் அரிசி வரைக்கும் என் கையெழுத்து இல்லாமல் எதுவும் கேட்டுக்குள் நுழையாது. ஆட்கள் கடையில் பளபளப்பைப் பார்த்து வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து அது இல்லையே இது இல்லையே என்று தலையில் கை வைத்துக்கொள்வார்கள். நான் அப்படி வாங்கியதே இல்லை.

நீங்கள் முதலில் கேட்டது அந்த லேப்டாப்பைப் பற்றி. அதிலிருந்தே தொடங்குகிறேன். மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

என் மனைவி ஜீவிதா வீடுகளுக்கு உள்ளலங்கார வரைபடம் போடுகிறவள். சோபா எங்கே வரும், சமையல் மேடை என்ன நிறம் என்று நிஜ வீடு மாதிரியே கம்ப்யூட்டரில் காட்டிவிடுவாள். கல்யாணத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் ஒரு நிறுவனத்தில் இருந்தாள். நாலு வருடம் வீட்டில் சும்மா இருந்தவளைப் போன வருடம் அவர்கள் மறுபடியும் கூப்பிட்டார்கள். வாரத்தில் ஐந்து நாள் அங்கே தங்க வேண்டும். அவளுடைய அக்கா மகேஸ்வரியின் வீடு அங்கேதான். "எங்கூடவே இருக்கட்டும், சனி ஞாயிறு வந்துட்டுப் போகட்டும்" என்று அவளும் சொன்னாள். ஜீவிதா பரணில் இருந்த பெட்டியை இறக்கித் துடைத்து வைத்துவிட்டாள்.

அவள் போகக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். போனால் திரும்பி வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். பெட்டியைத் துடைக்கும்போது ஏதோ பாட்டு முணுமுணுத்தாள். நாலு வருடத்தில் எங்கள் வீட்டில் அவள் பாடி நான் கேட்டதில்லை.

நான் சண்டை போடவில்லை. கை நீட்டியதும் கிடையாது, நாகல் நகரில் எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அந்த நிறுவனத்தாரிடம் நானே போனில் பேசினேன். வீட்டிலிருந்தும் செய்யலாம், ஆனால் நல்ல லேப்டாப் வேண்டும் என்றார்கள். ஜீவிதாவிடம் வந்து சொன்னேன்.

"என்னென்ன வேணும்னு எழுதிக் குடு ஜீவி. இருக்குறதிலேயே ஒசத்தியா வாங்கிருவோம்."

அவள் துடைத்து வைத்திருந்த பெட்டியைப் பார்த்தாள். "நான் போயிட்டு வந்துக்கிறேன்ங்க. செலவு எதுக்கு?" என்றாள்.

"உனக்கு எதுக்கு அலைச்சல்? வீசிங்க வேற வச்சுக்கிட்டு."

அது உண்மைதான். தூசி பட்டால் அவளுக்கு மூச்சு இளைக்கும். அவள் ஒரு தாளில் மூன்று வரி எழுதிக் கொடுத்தாள். தனி கிராபிக்ஸ் கார்டு, பெரிய திரை, அதிகம் சூடாகக் கூடாது. அதற்குக் கீழே மீதியை நான் எழுதினேன். மொத்தம் பன்னிரண்டு வந்தது.

ஐந்து வாரம் தேடினேன். மதுரைக்கு இரண்டு தடவை போனேன். ஒன்றில் திரை நன்றாக இருந்தால் பேட்டரி நிற்காது, பேட்டரி நின்றால் கேமரா மங்கல். கடைசியில் இங்கேயே ஒரு கடையில் அமைந்தது. அங்கே விற்பனையில் இருக்கும் பைசல் பொறுமைசாலி. கல்லா மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு, அவரைக் கதவுப் பக்கம் போய் நிற்கச் சொன்னேன். தெரிந்தது. மூலைக்குப் போகச் சொன்னேன். தெரிந்தது. தரையில் உட்காரச் சொன்னேன்.

"சார், வரையிற வேலைக்குன்னுதான சொன்னீங்க. கேமராவ ஏன் இம்புட்டு நோண்டுறீங்க?"

"மீட்டிங் இருக்கும்ல தம்பி. அங்கேருந்தே மெதுவா ஏதாச்சும் பேசுங்க, மைக்கப் பாப்போம்."

"என்னத்தப் பேசச் சொல்றீங்க?" என்று அவர் வாய்க்குள்ளேயே சொன்னார். அதுகூடத் தெளிவாகக் கேட்டது.

மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்டை நிறுத்துவார்களே, அன்றைக்கு வைஃபையும் போய்விடும். அதனால் சிம் போடும் வசதி வேண்டும், பேட்டரி பகல் முழுக்க நிற்க வேண்டும். எல்லாம் அதில் இருந்தது. "உங்க வீட்டுக்காரம்மா குடுத்து வச்சவங்க சார். எங்க வீட்டுல நான் இப்புடிப் பாத்துப் பாத்து ஒண்ணும் வாங்கிக் குடுத்ததில்ல" என்றார் பைசல். அவர் மேல் தப்பே இல்லை, அவரை அலைக்கழிக்காதீர்கள்.

உள்ளே போட வேண்டிய ஒன்றிரண்டை நானே போட்டேன். யானை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசிக்கக் கூடாது என்பார்கள். அலுவலக வேலைக்கு வேண்டியது மட்டும் திறக்கும், மற்றது திறக்காது. மேசையைக் கூடத்து மூலையில் போட்டேன். அங்கிருந்து வாசல் கதவு, சமையலறை, படுக்கையறை வாசல் மூன்றும் தெரியும். வாஸ்து என்று சொன்னேன். வீட்டு அமைப்புதான் அவள் தொழில். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரிங்க" என்றாள்.

கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு எப்போதும் எரியும். அது ஏன் என்று ஒரு நாள் கேட்டாள். ஒசந்த மாடலெல்லாம் அப்படித்தான் என்றேன். மறுநாள் பதினொரு மணிக்கு என் கைப்பேசியில் பார்த்தால் ஒரே இருட்டு. வீட்டுக்கு வந்து பார்த்தேன், கேமரா மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. பசை கண்ணாடியைக் கெடுத்துவிடும் என்று உரித்துப் போட்டேன். அதற்கப்புறம் அவள் ஒட்டவே இல்லை. அதிலிருந்தே அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

எட்டு மாதம் நன்றாகத்தான் போனது. மில்லில் டீ நேரத்தில் பார்ப்பேன், சாப்பிடும்போது பார்ப்பேன். அவள் வரைந்துகொண்டிருப்பாள். எனக்கு நிம்மதியாக இருக்கும்.

ஆடி மாதம் ஒரு நாள் நான் கணக்குத் தணிக்கைக்காரர்களோடு உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு மூச்சு இளைத்திருக்கிறது. பக்கத்து வீட்டு ரம்ஜான் பீவி ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். சாயங்காலம் என்னிடம் வெள்ளந்தியாகச் சொன்னார்: "புள்ளைக்கு ரொம்ப முடியலப்பா. அங்க வச்சு அவுக அக்காகிட்டப் பேசிட்டு ஒரே அழுகை. கொஞ்ச நாளைக்கு அங்க அனுப்பித்தான் வைய்யேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. அக்காவிடம் பேசுவதற்காக வந்த இளைப்பு அது. மறுநாளிலிருந்து அவள் போனை நான் எடுத்துக்கொண்டேன், சார்ஜ் ஏறவில்லை, சரி பண்ணித் தருகிறேன் என்று. காலையில் கிளம்பும்போது கதவை வெளியே பூட்டினேன். வாக்குமூலத்தில் பூட்டை ஒரு பெரிய விஷயமாக எழுதாதீர்கள் மேடம், இந்த ஊரில் பூட்டுப் போடுவது ஒரு குற்றமா?

போன சனிக்கிழமை பராமரிப்பு நாள். அவளுடைய நிறுவனத்துக்கு விடுமுறை, எங்கள் மில்லுக்கு இல்லை. காலையில் டிபன் பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டு, "இன்ஹேலர் தீந்துபோச்சுங்க. மறந்துறாம வாங்கிட்டு வாங்க" என்றாள். "சாயங்காலம் வாங்கிட்டு வாரேன்" என்றேன். ரம்ஜான் பீவி அன்று வத்தலக்குண்டில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்.

பதினொன்று பத்துக்கு நான் பார்த்தபோது அவள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை நெஞ்சில் இருந்தது. இன்ஹேலரைக் குலுக்கி வாயில் வைத்து அழுத்தினாள், குலுக்கினாள், மறுபடியும் அழுத்தினாள். பிறகு கதவுக்குப் போய்த் தட்டினாள். ரொம்ப நேரம் தட்டினாள்.

மில்லிலிருந்து வீட்டுக்கு பைக்கில் இருபத்தைந்து நிமிடம். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தால் அதற்கு முன்பே வந்திருக்கும், பூட்டை உடைத்திருப்பார்கள். எல்லாம் எனக்குத் தெரியும். தெரியவில்லை என்று உங்களிடம் பொய் சொல்லப் போவதில்லை. ஆனால் கொள்முதலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு தடவை ஏமாற்றிய சரக்கு மறுபடி வந்தால், முழுக்கச் சோதித்துப் பார்க்காமல் உள்ளே எடுக்கக் கூடாது. இது நடிப்பா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிடம் பார்த்தேன். படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. பேட்டரி எண்பத்தொரு சதவீதம் இருந்தது.

பன்னிரண்டு மணிக்குள் எனக்குத் தெரிந்துவிட்டது, அது நடிப்பில்லை என்று. அப்புறம் கேன்டீனில் சாப்பிட்டேன். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் அவரைக்காய். பருத்தி லாரி ஒன்று வந்தது, எடை பார்த்து இறக்கினேன். சாயங்காலம் வரும் வழியில் மருந்துக் கடையில் நிறுத்தி இன்ஹேலர் வாங்கினேன். வாங்கி வருவதாகச் சொல்லியிருந்தேன் இல்லையா.

மகேஸ்வரி பிணத்தின் மேல் விழுந்து அழுதாள். "எந்தங்கச்சிய என்னடா பண்ணுன?" என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். எனக்கு அழுகை வரவில்லை. இப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாதே, அப்படி இருக்கிறது.

ஒன்று மட்டும் நீங்கள் இன்னும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். கதவைத் தட்டி ஓய்ந்த பிறகு அவள் முட்டி போட்டே மேசைக்கு வந்தாள். விளிம்பைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தூக்கினாள். உதடு நீலமாக இருந்தது, நிறமெல்லாம் அதில் அச்சு அசலாகத் தெரியும். கேமராவுக்கு நேராகப் பார்த்து, மூச்சுக்கு மூச்சு நிறுத்திச் சொன்னாள்.

"என்னங்க... பாத்துக்கிட்டுத்தான இருக்கீங்க. தெனமும் பாக்குறீங்கல்ல. கதவ மட்டும்... யாரையாச்சும் தொறந்துவிடச் சொல்லுங்க. நான் எங்கயும் போகமாட்டேன்."

மில்லில் இருந்தபடியே அவளோடு பேசும் வசதியும் அந்த லேப்டாப்பில் இருந்தது. என் விரல் அந்தப் பொத்தானுக்கு மேலேதான் இருந்தது. நான் அழுத்தவில்லை, மேடம். பதில் சொல்லியிருந்தால், நான் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்துபோயிருக்கும்.