அவள் பார்வைக்கு நான் பொறுப்பு

நல்ல வெளிச்சமான அறை, சார். எங்கள் கடையில் கண் பார்க்கும் அறைகூட இவ்வளவு வெளிச்சமாக இருக்காது. வந்ததும் வராததுமாக அன்றைக்கு நடந்ததைக் கேட்காமல், “முதல்ல உங்களைப் பத்திச் சொல்லுங்க” என்று ஆரம்பித்தீர்களே, அது எனக்குப் பிடித்திருந்தது.

அப்பா லாரி ஓட்டினார். மாதத்தில் பாதி நாள் வண்டியில்தான் குடித்தனம். வீட்டில் அம்மாவும் நானும். அம்மாவுக்குச் சின்ன வயதிலேயே இரண்டு கண்ணிலும் புரை. எதிரில் ஆள் நிற்பது தெரியும், யாரென்று தெரியாது. ஊசியில் நூல் கோப்பது, கடைக்குப் போவது, வாசலில் வந்திருப்பவர் யாரென்று காதில் சொல்வது எல்லாம் நான்தான். “என் கண்ணே நீதான்டா” என்பாள். மற்ற வீடுகளில் கொஞ்சுவதற்குச் சொல்கிற வார்த்தை. எங்கள் வீட்டில் அது நிஜம்.

பக்கத்து வீட்டு அக்காவோடு உட்கார்ந்து பேச அம்மாவுக்கு ஆசை. அந்த அக்கா உன்னைப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறாள் என்று ஒருநாள் சொல்லி வைத்தேன். அவள் சுளிக்கவில்லை. ஆனாலும் அம்மா அதற்கப்புறம் அங்கே போகவில்லை. சாயங்காலங்கள் எனக்கே எனக்கு என்று கிடைத்தன.

நான் ஐந்தாவது படிக்கும்போது அப்பா அவளை ஆபரேஷனுக்குக் கூட்டிப் போனார். கட்டுப் பிரித்ததும் என்னைப் பார்த்து, “நீ இவ்வளவு ஒல்லியாவா இருக்கே?” என்று சிரித்தாள். வீடு திரும்பிய கையோடு பக்கத்து வீட்டுப் படியேறிவிட்டாள். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் சுமாரான மாணவன். நண்பன் என்று ஒருவன்தான். அவனுக்குக் கை முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தபோது அவன் பாடங்களை நான்தான் எழுதிக் கொடுத்தேன். பையைத் தூக்கினேன், சட்டைப் பித்தான் போட்டுவிட்டேன். கட்டுப் பிரித்த அன்றே மைதானத்துக்கு ஓடிவிட்டான். பிறகு ஒருமுறை பள்ளிச் சுவரில் ஏறினான். மேல் வரிசையில் ஒரு கல் ஆடுவது எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. இந்தத் தடவை கால். அந்த வருடம் முழுக்க நாங்கள் ரொம்ப நெருக்கமாக இருந்தோம்.

பிறகு கண் பரிசோதனைப் படிப்பு, கண்ணாடிக் கடை வேலை. முதலாளி என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். கிழவர்களும் கிழவிகளும் என்னைத்தான் கேட்டு வருவார்கள். ஒருவருக்குக்கூட நான் தப்பான கண்ணாடி கொடுத்ததில்லை, சார். கடையில் விசாரித்துப் பாருங்கள்.

என் மனைவிக்கு மட்டும்தான் கொடுத்தேன்.

அவள் துணி ஆலையில் தரம் பார்க்கிறவள். விளக்குக்கு அடியில் துணி ஓடும். ஒரு நூல் விலகியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். கல்யாணத்துக்குப் பிறகு மேற்பார்வையாளராக்கினார்கள். வீட்டுக்கு வந்தும் போனில் ஆலைப் பெண்களோடு ஒரே சிரிப்பு. நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். என்ன சிரிப்பு என்று கேட்டால், “உங்களுக்குச் சொன்னா புரியாதுங்க” என்பாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

அவளுக்குக் கடுமையான கிட்டப்பார்வை, கண்ணாடி இல்லாமல் எதிரில் இருப்பதுகூடத் தெரியாது. கண்ணாடியை நான்தான் போட்டுக் கொடுப்பேன். ஒருமுறை பவரைச் சற்றுக் குறைத்துப் போட்டேன். தலைவலி என்றாள். தைலம் தேய்த்துவிட்டேன். மடியில் தலை வைத்துத் தூங்கினாள். அவ்வளவுதான் ஆரம்பம். அடுத்த கண்ணாடியில் இன்னும் கொஞ்சம், அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். கடையில் உட்கார வைத்துப் பரிசோதிக்கும்போதும் பொருந்தாத லென்ஸைத்தான் மாட்டுவேன். பெரிய எழுத்தைக்கூடத் தப்பாகப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். நரம்பு தளர்கிறது, வைத்தியம் கிடையாது, நான் இருக்கிறேன் என்று சொன்னேன். மூன்றாவது பொய்யில்லை.

ஆலையில் பழுதுள்ள துணியை இரண்டு தடவை விட்டுவிட்டாள். வேலையை விடுவதாக அவளே எழுதிக் கொடுத்துவிட்டாள். அன்று குழந்தை மாதிரி அழுதாள். அவள் தலையை நான்தான் வாரிவிட்டேன். பிறகு வந்த வருடங்கள் எங்கள் வாழ்க்கையில் நல்ல வருடங்கள். கறிகாய் நறுக்குவது, தெருவைக் கடக்க வைப்பது, மருந்துச் சீட்டைப் படிப்பது எல்லாம் நான். போன் வருவது நின்றுவிட்டது. எப்படிப்பட்ட கணவர் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

அவளுடைய தங்கைக்கு மட்டும் என்னைக் கண்டால் ஆகாது. ஒருநாள் சமையலறையில் இருவரும் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

“அக்கா, ஒரே ஒரு தடவை வேற டாக்டர்கிட்ட காட்டிடுவோம். அத்தானுக்குச் சொல்ல வேண்டாம்.”

“அவர் மனசு நோகும்டி.”

“உன் கண்ணு போகுதே, அது பரவாயில்லையா?”

கடைசியில் அவள் சரி என்றாள். திங்கட்கிழமை நான் கடைக்குப் போனதும் தனியாகப் படியிறங்கி, பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிடுவதாகப் பேச்சு. எங்கள் வீடு மூன்றாவது மாடி.

எனக்குக் கோபம் வரவில்லை. வேறு கண் பார்ப்பவர் யாராக இருந்தாலும் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார் என்று மட்டும் யோசித்தேன். திங்கட்கிழமை காலை அவள் குளிக்கப் போனபோது, அதே மாதிரி பிரேமில் இன்னொரு கண்ணாடியை மேசையில் வைத்தேன். அதில் லென்ஸின் மையத்தையே நகர்த்தியிருந்தேன். போட்டுக்கொண்டால் படி இருக்கிற இடத்தில் தெரியாது. இரண்டு படி இறங்கித் தலை சுற்றித் திரும்பி வீட்டுக்குள் வந்துவிடுவாள் என்பதுதான் என் கணக்கு. கடைக்குக் கிளம்புகிற மாதிரிக் கிளம்பி, முதல் மாடித் திருப்பத்தில் நின்றேன்.

அவள் திரும்பவில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, காலால் தடவித் தடவி இரண்டு மாடி இறங்கிவிட்டாள். இவ்வளவு பிடிவாதம் அவளுக்கு உண்டு என்று எனக்குத் தெரியாது. எனக்கு மேலே சில படிகள் இருக்கும்போது நின்றாள்.

“கீழ யாருங்க நிக்கறது? கொஞ்சம் கை குடுக்கறீங்களா?”

நான் பேசவில்லை. பேசினால் ஏன் கடைக்குப் போகவில்லை என்று கேட்பாள். யாரும் இல்லை என்று நினைத்து, திருப்பம் வந்துவிட்டதென்று கைப்பிடியை விட்டுக் காலை எடுத்து வைத்தாள். அங்கே படி இல்லை.

மற்றது உங்களுக்குத் தெரியும். அப்படி உருண்டு விழுந்தவள் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லாத கண்ணாடி இருந்ததை நீங்கள் கவனித்துவிட்டீர்கள். இத்தனை வருடம் தொழில் பார்த்த எனக்கு அது தோன்றவில்லை. உடைந்ததை எடுத்துப் பையில் போட்டுவிட்டு, அவளுடைய சரியான பவரில் முன்பே செய்து அதே பையில் வைத்திருந்ததை மாட்டிவிட்டேன். யாராவது சோதித்தால் குறை சொல்லக் கூடாது என்பதற்காகத்தான்.

உயிர் இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது. கண்ணைத் திறந்து சுவரைப் பார்த்தாள், என் சட்டையைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். “இப்பத் தெரியுது” என்றாள். என் முகத்தைத்தான் சொன்னாள், சார். அவ்வளவு தெளிவாக அவள் என்னைப் பார்த்து எத்தனையோ வருடமாகிவிட்டது. அதனால் அவள் பார்த்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது அதற்குப் பிறகுதான்.