அப்பாவுக்கு எதுக்கு டாக்டர்

சென்னையிலிருந்து காஞ்சிபுரம் திரும்பும் பேருந்தில் என் முன்சீட்டில் ஒரு தம்பதி, பக்கத்தில் அவர்கள் மகன். பெரியவருக்கு புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்து, அன்று டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். பூந்தமல்லி தாண்டியதும் அந்த அம்மாவின் குரல் உயர்ந்தது.

"தாம்பத்யத்துல கஷ்டம் இருக்குதான்னு டாக்டரு அப்பாவத்தானே கேட்டாரு? நீ ஏன்டா பதில் சொன்ன?"

"பஸ்ஸுல போயி இன்னாமா இது?"

"இன்னா சொன்னன்னு சொல்லு."

"இந்த வயசுல அப்பாவுக்கு அதெல்லாம் எதுக்கு டாக்டர்னேன். அவரும் சிரிச்சிக்கினே விட்டுட்டாரு."

"மெதுவாப் பேசுமா," என்றார் பெரியவர்.

"நீங்க சும்மா இருங்க. என்ன வெளிய உக்கார வெச்சிட்டு, உள்ள வாயே தொறக்காம உக்காந்துக்கினு இருந்தீங்க. வெளிய வந்து நர்சம்மா எங்கிட்ட சொல்லுது, இந்த ஆபரேஷன் பண்ணா நெறைய பேருக்கு இப்படி ஆவுமாம். மாத்திர இருக்குதாம், அதுல சரியாவலன்னா பம்ப்பு, ஊசின்னு இருக்குதாம். எது ஒத்துக்கும்னு டாக்டரத்தான் கேக்கணுமாம். கேக்க உட்டானா இவன்?"

"எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா."

"போன வருஷம் தறிக்காரத் தெருவையே கூட்டி எங்களுக்கு அறுபதாம் கல்யாணம் பண்ணி வெச்சியே, அது தெரிஞ்சுதா? அப்பா கையில தாலியக் குடுத்து கட்டச் சொன்னியே, போட்டோ எடுக்கவாடா?"

ஊர் நெருங்கும்போதுதான் மகன் மெல்லச் சொன்னான்: "அடுத்த தடவ நானே டாக்டர்கிட்ட கேக்கறேம்மா."

"நீ ஒண்ணும் கேக்க வேணாம். வெளிய செருப்பப் பாத்துக்கினு உக்காரு. உள்ள நாங்க ரெண்டு பேரும் போறோம்."