பாட்டை ஏற்றி வைத்த வைத்தியம்

ஆரப்பாளையத்திலிருந்து கோச்சடை போகும் பஸ்ஸில், முன் இருக்கைப் பெண் பக்கத்திலிருந்தவளிடம், "எங்க வீட்டுக் கம்ப்யூட்டர் செத்துப்போச்சுக்கா" என்றாள். குரலில் துக்கமே இல்லை.

"எப்படிடீ?"

"ஒரு வாரமா உள்ள டிக் டிக்னு சத்தம். ஹார்டு டிஸ்க் போகப்போகுது, எல்லாத்தையும் காப்பி எடுங்கன்னு வீட்டுக்காரருகிட்ட சொன்னேன். அந்தச் சத்தம் கேக்காம இருக்க, பாட்டை அம்புட்டு சத்தமா வச்சுட்டாருக்கா."

"அப்ப பிள்ளை பிறந்ததுலருந்து எடுத்த போட்டோவெல்லாம்?"

"நான் அன்னைக்கே பென்டிரைவ்ல ஏத்தி அம்மா வீட்டுல வச்சுட்டேன். அது தெரியாம நேத்துலருந்து சோறு இறங்காம உக்காந்திருக்காரு."

"பாவம்டீ, சொல்லிரு."

"சொல்லிருவேன்க்கா. 'இனிமே நீ சொல்றதைக் கேக்குறேன்'னு இதுவரைக்கும் ஒரு தடவைதான் சொல்லியிருக்காரு. இன்னொரு தடவை சொல்லட்டும்."