குடிக்காதவரின் போதை

வெயில் காலக் கூட்டங்களில் மோர் கொடுப்பது நல்ல பழக்கம் என்றுதான் இன்றும் சொல்வேன், ஐயா.

என் பெயர் சசிரேகா. நுண்ணுயிரியல் படித்தவள். வைக்கோலிலிருந்து, வண்டிக்கு எரிபொருளாகும் எரிசாராயம் எடுக்கும்படி ஒரு ஈஸ்டை மாற்றியமைப்பதில் பதினோரு வருடம் போயிற்று. அதற்கு ஒரு கொட்டகை போட அனுமதி கேட்டுக் காவாந்தண்டலம் கிராம சபையில் நின்றேன். வேதாசலம் எழுந்தார். ஊரில் மதுவிலக்குக் குழு நடத்துபவர்; பச்சைத் தண்ணீரைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் குடிப்பார்.

"படிச்ச பொண்ணு சாராயம் காச்சப் போவுதாம். இதுக்கு இன்னாத்துக்கு டாக்டர் பட்டம்?"

ஊர் சிரித்தது. அனுமதி கிடைக்கவில்லை.

எனக்கு வருத்தமில்லை. இன்னொரு ஈஸ்டைச் செய்தேன். குடலில் தங்கி, தின்ற சோற்றைச் சாராயமாக்குவது. அடுத்த கூட்டத்தில் அவருடைய மோரில் கலந்து என் கையாலேயே கொடுத்தேன். "நல்லா கீதும்மா" என்று இன்னொரு டம்ளரும் வாங்கிக் குடித்தார்.

பத்து நாளில் பலன் தெரிந்தது. மதியச் சாப்பாடு முடிந்தால் நாக்கு குழறும். ஒருநாள் தெருவில் போன எருமையை நிறுத்தி, குடியின் தீமைகளை அரைமணி நேரம் விளக்கினார். மதுவிலக்குக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தபடி சரிந்தார். மனைவி பவளம் வைக்கோல் போரையெல்லாம் பிரித்துப் பாட்டில் தேடினாள். அவர் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தார். அவள் பழையசீவரத்திலுள்ள அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

கடைசியில் என்னிடம் வந்தார். "ஒரு சொட்டு தொட்டதில்லம்மா. வயித்துக்குள்ள இன்னாவோ கீது. நீ டெஸ்ட் பண்ணிப் பாரு."

ஊரிலேயே அவரை நம்பியவள் நான் ஒருத்திதான். சோதித்தேன். ஈஸ்ட் அருமையாகப் பெருகியிருந்தது. அதைக் கொல்லும் மாத்திரை என் மேசையிலேயே இருந்தது; இரண்டு வாரம் போட்டால் போதும். ஆனால் என் ஆய்வுக்குத் தொண்ணூறு நாள் கணக்கு வேண்டும். அன்று அறுபத்திரண்டாம் நாள்.

"ஒண்ணுமில்ல பெரீப்பா. குடிக்கிறத மட்டும் வுட்டுடுங்க."

"அப்ப, எனக்கே தெரியாம குடிச்சிகினு கீறனோ?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

எண்பத்தோராம் நாள் சாப்பிட்டுவிட்டு, பவளத்தை அழைத்துவரக் கிளம்பியவர் பைக்கோடு ஏரி மதகில் விழுந்து செத்தார். கடைச் சரக்கு குடித்திருந்தார் என்று எஃப்.ஐ.ஆரில் எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்தத்தான் வந்தேன். அது கடைச் சரக்கில்லை, என் சரக்கு. அவரைக் கொன்றது நான்தான்.

இரக்கமில்லாதவள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இன்னும் ஒன்பதே நாள் இருந்ததே என்று நினைத்து, எனக்கு இரண்டு வேளை சோறு இறங்கவில்லை.