மாடியில் நின்ற நாற்பதாவது ஆள்

மாண்புமிகு தலைவர் அவர்களே! கடையைப் பூட்டிவிட்டுக் கத்தரிக்கோலும் கையுமாக மேடையேறியிருக்கும் முடிதிருத்தும் நண்பர் அவர்களே! இரும்புக் கதவின் சாவியை இன்று எங்களிடமே ஒப்படைத்துவிட்ட துறைமுக அதிகாரி அவர்களே! பொறுமையின் பெருவடிவான பெரியோர்களே, தாய்மார்களே! முன்வரிசையில் அமர்ந்து, ‘சுருக்கமாப் பேசுங்க’ என்று கண்ணாலேயே கட்டளையிடும் என் துணைவியாரே! அனைவருக்கும் இந்தக் கிரேன்காரனின் வணக்கம்!

நான் யார்? இருபத்தேழு ஆண்டுகள் துறைமுகக் கிரேனின் உச்சியில் உட்கார்ந்திருந்தவன். கப்பல்கள் வேறிடம் போயின. கிடங்குகள் காபிக் கடைகளாயின, அலுவலகங்களாயின, அடுக்குமாடிகளாயின. என் கிரேனுக்கும் வண்ணம் பூசி, விளக்குப் போட்டு, மாப்பிள்ளை மாதிரி நிற்க வைத்துவிட்டார்கள். எனக்குத்தான் யாரும் வண்ணம் பூசவில்லை! சிரியுங்கள், என் வீட்டிலும் இதற்குத்தான் சிரிக்கிறார்கள்.

அந்தப் புதுத் துறைமுகத்தில், ஓர் அலுவலகச் சமையலறையில் வேலை பார்ப்பவர் என் துணைவியார். பழைய நகரையும் துறைமுகத்தையும் பிரிக்கும் மதிலில் இருப்பது ஒரே கதவு. திறந்திருந்தால் சைக்கிளில் பத்தே நிமிடம்! பூட்டினால் இரண்டு பேருந்து மாறி ஒன்றரை மணி நேரம்! அதைத்தான் போன ஆண்டு நிரந்தரமாகப் பூட்டப்போவதாக அறிவித்தார்கள். கெஞ்சிப் பார்த்தோம். நம் அதிகாரி என்ன சொன்னார்?

“இந்த வழியா யாருங்க சைக்கிள்ல வர்றாங்க? ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குள்ள நாப்பது சைக்கிள் வரட்டும், பூட்டல. முப்பத்தொம்போதுன்னா பூட்டுதான்.”

சொன்னீர்களா இல்லையா ஐயா? தலையாட்டுகிறார், பாருங்கள்!

திரண்டோம் நாற்பது பேர்! தையற்காரர் வந்தார், தபால்காரர் வந்தார், மாமியாரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒரு மருமகள் வந்தார். “அத்தையையும் சேத்து எண்ணுங்க” என்று வேறு கேட்டார். ஆனால் வழக்கமான தெருவில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். வேறு வழி? எனக்கு வாய் சும்மா இருக்குமா? “நான் பாக்காத சந்தா? பின்னாலயே வாங்க!” என்றேன்.

பார்த்தது உண்மைதான், பெருமக்களே. எங்கிருந்து பார்த்தேன்? நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து! எனக்குத் தெரிந்ததெல்லாம் கூரை. எதிரே இருந்ததெல்லாம் சுவர்! முந்நூறு ஆண்டுச் சுவர்கள், முழங்கை உரசும் முடுக்குகள், கல் பாவிய வளைவுகள். வளைந்தோம், நெளிந்தோம், மணியடித்தோம், மகிழ்ந்தோம். மூன்றாம் முறையாக அதே முடிதிருத்தும் கடை வாசலில் வந்து நின்றோம். மணி ஒன்பது நாற்பது.

“மூணாவது தடவையா வர்றீங்க. முடி வெட்டணுமா, வழி வேணுமா?” என்று கேட்டார் இந்த நண்பர்.

“இருபத்தேழு வருஷமா பாத்தேன்னீங்களே?” என்றார் என் துணைவியார்.

“மேலேர்ந்து பாத்தேம்மா! ஒரு சிவப்புத் தண்ணித்தொட்டி உண்டு. அது எங்கேன்னு தெரிஞ்சா சொல்லிடுவேன்.”

“அது நம்ம மாடிதாங்க. ஏறுங்க” என்றார் நண்பர்.

ஏறினேன். அடடா! ஊர் முழுவதும் உள்ளங்கையில் கிடந்தது! அதோ மதில், அதோ கதவு, அதோ என் மாப்பிள்ளை கிரேன்! கத்தினால் கீழே கேட்குமா? கையை நீட்டினேன். கிரேன் வேலையில் கீழே நிற்பவர் கை காட்டுவார், மேலே இருப்பவன் கீழ்ப்படிவான். கை நீட்டினால் அந்தப் பக்கம் திருப்பு. விரலை மூடினால் நிறுத்து. என் துணைவியாருக்கு இது மனப்பாடம். சாப்பாடு போதும் என்பதற்கு நான் வீட்டிலும் விரலைத்தான் மூடுவேன்! அவர் முன்னே போனார். நான் கைநீட்டிய பக்கமெல்லாம் திரும்பினார், மூடிய இடத்தில் நின்றார். சைக்கிள் வரிசை சந்துக்குச் சந்து புகுந்து, கதவைக் கடந்தே விட்டது!

கடந்த பின் எண்ணினார்கள். என் துணைவியார் மாடியை நோக்கி ஒற்றை விரலை உயர்த்தினார். ஒன்று குறைகிறது! யார் அந்த நாற்பதாவது ஆள்? மாடியில் நின்ற இந்த மடையன்!

மணி ஒன்பது ஐம்பது. உருண்டு இறங்கினேன், ஏறி மிதித்தேன். முதல் முடுக்கிலேயே வழி தவறியது. அண்ணாந்தேன். மாடியில் நண்பர் துண்டை வீசி வலப்பக்கம் காட்டுகிறார். பக்கத்தில் பாதி சவரத்தோடு அவருடைய வாடிக்கையாளர்! அடுத்த மாடியில் துணி உலர்த்திய ஓர் அம்மா, “இடது பக்கம் போங்கண்ணே!” அதற்கடுத்த மாடியில் ஒரு தாத்தா கைத்தடியை நீட்டினார். மாடிக்கு மாடி கை, கைக்குக் கை வழி! சிரித்துக்கொண்டே மிதித்தேன், மூச்சு வாங்கியும் சிரிப்பு நிற்கவில்லை. அதிகாரி கையில் பூட்டு. கதவுக்குக் குறுக்கே என் துணைவியாரின் சைக்கிள். “இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு சார்!” என்று வாதாடியவர் என்னைக் கண்டதும் சைக்கிளை விலக்கினார். நுழைந்தேன்! நாற்பது!

பெரியோர்களே, இந்த மேடையின் உயரம் மூன்றடி. மூன்றடி ஏறினாலே ஊரைத் தெரியும் என்று தோன்றிவிடுகிறது; அப்படியென்றால் நாற்பது மீட்டரில் எனக்கு எவ்வளவு தோன்றியிருக்கும்! ஒரு கதவைப் பூட்டலாமா என்று உயரத்தில் அமர்ந்து முடிவெடுப்பவர்களே, ஒருமுறை இறங்கி அந்தச் சந்தில் சைக்கிள் மிதித்துப் பாருங்கள்! கீழே நிற்பவரின் கையைப் பாருங்கள்! அந்தக் கையைப் பார்த்த வரையில் நான் ஒரு சுமையையும் கீழே போட்டதில்லை.

இன்னும் ஒரு செய்தி சொல்ல வேண்டும்… இல்லை, வேண்டாம். அதோ, முன்வரிசையில் ஒரு கை உயர்ந்து விரல்கள் மூடிவிட்டன. நான் கீழ்ப்படிகிறேன். கைதட்டிய கைகளுக்கெல்லாம் நன்றி. வழிகாட்டிய கைகளுக்கெல்லாம் வணக்கம்!